இடப்பக்கம் திருப்பும்போது வந்த சத்தம்

என் காதுக்குத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பேர் இருந்தது. வண்டி தெருமுனை திரும்பும்போதே, தலையைத் தூக்கிப் பார்க்காமல், "பின் சக்கரத்துப் பேரிங் போச்சு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடுவேன். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாகிப்போன தடவைகளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நானும் வைத்துக்கொள்ளவில்லை. இருபத்தாறு வயதில் ஒருத்தன் தலைகால் தெரியாமல் ஆடுவதற்கு இந்தப் பேர் போதும். நான் ஆடினேன்.

அப்போது சண்டைக் காலம். திருவனந்தபுரத்தில் குண்டு ஒன்றும் விழவில்லை, ஆனால் பம்பாயிலிருந்து சாமான் வருவது அடியோடு நின்றுபோயிருந்தது. புதுச் சாமான் மாட்டுவது என்ற பேச்சே கிடையாது. தேய்ந்ததைத் தட்டி, தகடு வைத்து, வேறொரு செத்த வண்டியிலிருந்து கழற்றி மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். சாலையிலிருந்து கரமனைக்குப் போகும் ரோட்டோரத்தில் எங்கள் பட்டறை. முதலாளியும் எங்களைப்போல நாகர்கோவில் பக்கத்து ஆள்தான். அவருக்குக் கீழே நாங்கள் நாலு பேர். அதில் நான் மூத்த ஃபிட்டர் ஆகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை.

என்னை அந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டதே என் அக்காவின் புருஷன்தான். சாலையில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவரின் வாடகைக் காரை அத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். நானும் அவர்கள் வீட்டிலேயே, மண்டிக்குப் பின்புறச் சந்தில், தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காக்கிச் சட்டையைச் சோறு வடித்த கஞ்சியில் முக்கி விறைப்பாகப் போட்டுக்கொள்வார். குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. வண்டிக்கு ஒரு நோவு என்றால் மட்டும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அக்கா அதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் கேலி செய்வாள். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை.

அந்த வருஷம் நவராத்திரி தொடங்கிய பிறகு வண்டியில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்துத் திருப்பினால் மட்டும், அடுப்பில் விறகின் கணு வெடிப்பது போல, 'டொக்' என்று ஒன்று. வலப்பக்கம் திருப்பினால் இல்லை. நேரே போனால் இல்லை. முதல் இரண்டு நாள் அத்தான் சொன்னபோது, நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பட்டறைக்குக் கொண்டு வாங்க, பாப்போம்" என்றேன். அவருக்கோ ஓட்டத்துக்கு மேல் ஓட்டம். வருஷாவருஷம் நவராத்திரிக்கு ஊர்வலமாக வருகிற பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் மற்றச் சாமிகளும் கரமனை வழியாகக் கோட்டைக்குள் வந்து இறங்கியாகிவிட்டது, ஊர் நிறைய வெளியூர் ஆட்கள். அஷ்டமியன்று பிற்பகலில்தான் அவரால் வண்டியைக் கொண்டுவர முடிந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பூஜை வைப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அஷ்டமி சாயங்காலம் ஆயுதங்களைப் பூஜையில் வைத்தால், நவமி முழுக்க அவை அங்கேயே இருக்கும். தசமி காலையில் பூஜை எடுத்த பிறகுதான் கையால் தொடலாம். பிள்ளைகள் புத்தகத்தைத் தொடமாட்டார்கள், தச்சன் உளியைத் தொடமாட்டான், நாங்கள் ஸ்பேனரைத் தொடமாட்டோம். அத்தான் வந்து சேர்ந்தபோது ஸ்பேனர், குறடு, ஜாக்கி, கிரீஸ் பீச்சுகிற துப்பாக்கி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வரிசையாகச் சிவப்புப் பட்டின்மேல் அடுக்கிவிட்டிருந்தோம். முதலாளி குளித்துவிட்டு ஈரத் துண்டோடு சந்தனம் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"இனி தசமி கழிஞ்சு கொண்டு வாரும்வே" என்று அத்தானைப் பார்க்காமலே சொன்னார்.

தசமிக்குப் பிறகு வந்து பயனில்லை. நவமியன்று பகலில் அவருக்கு மலை ஓட்டம் இருந்தது. வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த கிளார்க் ஒருவரின் மனைவிக்குப் பெரியாஸ்பத்திரியில் பிள்ளை பிறந்திருந்தது. தாயையும் பிள்ளையையும் மலைக்குக் கொண்டுபோய் விடுவதாக அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். கிளார்க்குக்கு லீவு அன்றோடு முடிகிறது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கூப்பனோடு வேறு வண்டி கிடைப்பது குதிரைக் கொம்பு.

நவமி காலையில், வீட்டு வாசலில், அத்தான் என்னிடம் கேட்டார்.

"மாப்பிளே, சத்தம் கூடிட்டு வருகு கேட்டியா. மலை வளைவு பூரா ஒடிச்சுத் திருப்பணும். கூட பச்சப் பிள்ள இருக்கு. நீ ஒண்ணு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். இந்தச் சத்தத்தில் உள்ள சங்கடம், அது வருகிற இடம் ஒன்று, கேட்கிற இடம் வேறொன்று. இரும்பு வழியாக ஓடிப்போய் வேறெங்கோ நின்று கூப்பிடும். அதனால் காதை நம்பாமல் கையை நம்ப வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டும், மற்றவர் அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் பிறக்கிற மூட்டு உள்ளங்கையில் உதைக்கும். இது எனக்குத் தெரிந்த வேலைதான். பாயை விரித்து அடியில் படுத்தேன். அத்தான் திருப்பினார். குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து 'டொக்' வரும்போதெல்லாம் கை தட்டியது.

வண்டி குலுங்காமல் தாங்குகிற இடப்பக்கத்து வில்லுப்பட்டையைச் சட்டத்தோடு கோக்கிற கொக்கியில் கை வைத்தபோது உதைத்தது. அது எண்ணெய் கண்டு பல மாதம் ஆகி, துருப்பிடித்துக் காய்ந்து கிடந்தது. அங்கே சத்தம் வந்தால் வெறும் இரைச்சல், அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. பிறகு ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ராடின் நுனியில் கை வைத்தேன். அங்கேயும் உதைத்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்காமல் முடியாது. அந்த ராடின் நுனி குழாய் மாதிரி இருக்கும். கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிய இரும்புக் குண்டு ஒன்று அதற்குள் உட்கார்ந்து உருளும். குண்டு வெளியே வராமல் பிடித்துக்கொள்வது குழாயின் உதடு. உதடு தேய்ந்தால் குண்டு ஒருநாள் வெளியே குதித்துவிடும். பிறகு கையில் இருக்கிற ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. தேய்ந்திருக்கிறதா என்று அறிய ஒரே வழிதான். மூடியைப் பூட்டியிருக்கிற கம்பி முள்ளைக் குறடால் உருவி, பெரிய திருப்புளியால் மூடியைக் கழற்றி, குண்டை வெளியே எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். கால் மணி நேர வேலை. குறடும் திருப்புளியும் சிவப்புப் பட்டின்மேல் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தன.

முதலாளிக்குப் பயந்தேன் என்று சொன்னால் பொய். எனக்கே நம்பிக்கை இருந்தது. பூஜையில் இருக்கிற ஆயுதத்தை எடுத்தால் கைத்தொழில் போய்விடும் என்று நம்பினேன். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

அடியிலிருந்து நான் எழுந்து வந்ததும் அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பாளையத்துல அந்தக் கிறிஸ்தவருக்கப் பட்டறை தெறந்திருக்கும்லா? அவருக்குப் பூஜை கெடையாதே. ஒரு எட்டு கொண்டு காட்டட்டா?"

பாளையம் அங்கிருந்து இரண்டு மைல்கூட இருக்காது. அந்தப் பட்டறைக்காரர் கெட்டிக்காரர். அதுதான் எனக்குப் பொறுக்காது. போன மாசம்தான் நான் கைவிட்ட ஒரு வண்டியை அவர் சரிபண்ணி அனுப்பியிருந்தார்.

"எதுக்கு? ஊரு சிரிக்கவா?" என்றேன். "நான் இருக்கும்போ வண்டிய அங்க கொண்டு போவியளா? இது ஒண்ணும் இல்ல அத்தான். பட்டைக் கொக்கி காஞ்சு கெடக்கு. எண்ணெய் விட்டா நிக்கும்."

ராடின் நுனி கையில் உதைத்ததை நான் சொல்லவில்லை. உதைத்தது கொக்கியின் அதிர்ச்சியாகத்தான் இருக்கும், இரும்பு வழியாக இங்கே வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறுங்கையால் தீர்க்க முடிந்ததையே நோய் என்று தீர்மானித்தேன். ஆயுதம் இருந்திருந்தால் வேறு நோய் கண்டிருப்பேன்.

"அக்கா, ஆமணக்கெண்ணெய் இருந்தா கொண்டு வா" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். குழந்தைக்கு வயிற்றுக்குக் கொடுக்க வைத்திருந்த குப்பியை அக்கா எடுத்துக்கொண்டு வந்தாள். "முழுசும் விட்டுராத, சனிக்கிழம பிள்ளைக்குக் குடுக்கணும்" என்றாள். மறுபடியும் படுத்து, கொக்கிக்கு நன்றாக விட்டேன். மீதி இருந்தது. அதை ராடின் நுனியில், குண்டு இருக்கிற இடுக்கில், சொட்டுச் சொட்டாக நிரம்பும்வரை விட்டேன். குப்பி காலியாகிவிட்டது. அங்கே எதற்கு விட்டாய் என்று கேட்டால், சும்மா இருக்கட்டும் என்று விட்டேன் என்பேன். சந்தேகம் இல்லாதவன் அங்கே ஏன் விடப்போகிறான்?

அத்தானும் நானும் கோட்டைக்கு வெளியே இருந்த வெட்டவெளிக்கு வண்டியைக் கொண்டுபோனோம். இடப்பக்கம் முழுக்க ஒடித்து வட்டமாக ஐந்தாறு சுற்று. சத்தம் இல்லை. ஆமணக்கெண்ணெய் கெட்டியான எண்ணெய், இடுக்கில் புகுந்தால் மெத்தை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். குண்டு ஆடினாலும் வெளியே கேட்காது. அத்தான் வண்டியை நிறுத்திவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "கள்ளப்பய, ஸ்பேனரத் தொடாம வைத்தியம் பாத்துட்டியே" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவரே அக்காவிடம் அதைச் சொன்னார். அக்கா பூஜை அவலையும் பொரியையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, "அந்தப் பிள்ளை பெத்தவளுக்கும் குடுங்க" என்று கொடுத்தனுப்பினாள். பத்து மணி வாக்கில் அவர் புறப்பட்டுப் போனார்.

அன்று வரவில்லை. மலையில் மழை பிடித்திருக்கும், தங்கியிருப்பார் என்று நினைத்தோம். துலா மாச மழை அங்கே பிற்பகலானால் இடியோடு கொட்டும்.

தசமி காலையில் பூஜை எடுப்புக்காகப் பட்டறையில் எல்லோரும் குளித்து நின்றோம். முதலாளி தீபம் காட்டிவிட்டு, வழக்கம்போல மூத்த ஃபிட்டர் கையில் முதல் ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தார். அது திருப்புளி. அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது அரிசி மண்டியிலிருந்து ஆள் ஓடிவந்தான். வித்துராவிலிருந்து தகவல், வண்டி மலையிலிருந்து விழுந்துவிட்டது, டிரைவர் அடியில் கிடக்கிறார், தூக்க ஜாக்கியும் சங்கிலியும் வேண்டும் என்றான். பூஜை எடுத்த கையோடு எங்கள் ஆயுதங்களுக்கு வந்த முதல் வேலை அதுதான்.

லாரியில் போனோம். எஸ்டேட்டில் அவர்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியிருக்கிறார். இறக்கத்தில் நாலாவது வளைவு, இடப்பக்கம் திரும்புவது. வண்டி திரும்பவே இல்லை, நேரே போயிருக்கிறது. ஈட்டி மரம் ஒன்றில் மோதிக் கவிழ்ந்து கிடந்தது. நான் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். மற்றவர்கள் அவரை வெளியே எடுத்தார்கள். கஞ்சி போட்ட சட்டை மழையில் துவண்டு போயிருந்தது. அதற்குமேல் அவரைப் பற்றி எழுத என்னால் முடியாது.

வண்டி மல்லாந்து கிடந்ததால் அடிப்பக்கம் கண்ணுக்கு நேராக இருந்தது. ராடு தனியே தொங்கியது. குண்டு வெளியே இருந்தது. குழாயின் உதட்டை விரலால் தடவினேன். காகிதக் கனம்கூட இல்லாமல், கத்தி மாதிரி தேய்ந்திருந்தது. விழுந்த அடியில் அப்படித் தேயாது. பல மாதமாகத் தேய்ந்தது அது. விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது. ஒரு ராத்திரி மழை பெய்தும் ஆமணக்கெண்ணெய் கழுவிப் போகவில்லை. முகர்ந்து பார்த்தேன்.

"என்னடே?" என்று பின்னாலிருந்து முதலாளி கேட்டார்.

"விழுந்த அடியில ராடு கழண்டிருக்கு" என்றேன்.

அவர் குனிந்து பார்க்கவில்லை. என் காதையும் கையையும் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மழை, வழுக்கல், விதி என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டதும் மழை என்றுதான்.

பதினாறாம் நாள் அந்த எஸ்டேட் கிளார்க் துக்கம் கேட்க வந்தார். மலையிலிருந்து இறங்கி, பஸ் மாறி, முழுநாள் செலவழித்து வந்த நல்ல மனுஷர். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் தவித்தது தெரிந்தது. கடைசியில் சொன்னார்.

"போற வழி பூரா சிரிச்சுக்கிட்டே வந்தாரும்மா. ஒவ்வொரு வளைவுலயும் காத வெளிய நீட்டி, கேட்டீங்களா, சத்தம் இல்ல பாத்தீங்களா, எம் மாப்பிள ஸ்பேனர் தொடாமலே நிறுத்திட்டான்னு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாரு. எங்க வீட்டு வாசல்ல எறக்கிவிட்டுத் திரும்பும்போதுகூட அதையேதான் சொன்னாரு."

அதுவரை அழாமல் கல்லாக இருந்த அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது எனக்கு.

அதன் பிறகு அந்தக் கதை அக்காவுக்கு ஒரு ஊன்றுகோல் ஆகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னாள். கோயிலில் சந்தித்தவர்களிடம் சொன்னாள். குழந்தை வளர்ந்து அப்பாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தபோது, "சாகுத வரைக்கும் உங்க அப்பா மாமன நெனச்சுச் சிரிச்சாராம்" என்றாள். நான் அந்த இருவரையும் விட்டுப் போகவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. எவ்வளவு நல்ல தம்பி என்று ஊர் சொன்னது. பட்டறையை மட்டும் விட்டுவிட்டேன். காது மந்தமாகிவிட்டது என்று சொல்லி, சாலையிலேயே ஓர் இரும்புக் கடையில் ஆணியும் கீலும் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போனேன். கதையை அவள் ஆரம்பித்ததும் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவேன். என் அடக்கம் என்று அதற்கும் ஒரு பேர் வைத்தாள்.

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம், சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது, அக்கா மறுபடியும் அந்தக் கதையைச் சொன்னாள். அவர்கள் போன பிறகு, பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தவளிடம் நான் சொல்லிவிட்டேன். ராடின் நுனி கையில் உதைத்ததை, பாளையத்துக்குப் போக விடாததை, உதடு தேய்ந்திருந்ததை, முதலாளியிடம் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் சத்தத்தை மட்டும்தான் நிறுத்தியது என்றேன். அந்தச் சத்தம் இருந்திருந்தால் அத்தான் பயந்து பயந்து பைய ஓட்டியிருப்பார், பாதி வழியில் நிறுத்தியும் இருப்பார் என்றேன். அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உண்மையைச் சொன்னால் அதைத்தான் வாங்கிக்கொள்ளப் போனேன்.

அவள் கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தாள்.

"எண்ணெய நானில்லா எடுத்துத் தந்தேன்" என்றாள்.

இல்லை அக்கா, உனக்கு என்ன தெரியும், நான் கேட்டேன், நீ தந்தாய் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. "முழுசும் விட்டுராதேன்னு சொன்னேன். நீ கேக்கல்ல" என்றாள். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அக்கா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். எனக்குச் சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தாள், ஒரு வார்த்தை குத்திச் சொன்னதில்லை. பேரப்பிள்ளைகள் வந்து, "ஆச்சி, தாத்தா எப்பிடிச் செத்தாரு?" என்று கேட்பார்கள். நான் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கிளார்க் சொன்னதை, வளைவுக்கு வளைவு அவர் சிரித்ததை, ஒரு தடவையாவது அவள் சொல்லமாட்டாளா என்று இருக்கும். "வண்டி மலையிலேருந்து விழுந்துட்டு மக்களே" என்பாள். அவ்வளவுதான் சொல்வாள்.